பென்னைன் மேட்டு நீர்த்தேக்கத்தில் இலையுதிர்கால வலசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் விடுமுறை நாளில் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். எங்கே போகிறாய், அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, சிலர் கூடவே வரவும் ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் கேட்டவையும், நான் கேட்டிருக்க வேண்டியவையும் கீழே.

முதலில், இடம் எது?

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 10 கி.மீ. தள்ளி இருக்கும் ரெட்மையர்ஸ். ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று நீர்த்தேக்கங்கள். நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கக் கட்டியவை. நடு ஏரி 1836-இலும் கீழ் ஏரி 1849-இலும் மேல் ஏரி 1854-இலும் கட்டி முடிக்கப்பட்டன. அவற்றுக்கு மேற்கே ஊர் கிடையாது. 'மூர்' என்கிற மேடு ஏறி, ஸ்டேனெஜ் பாறை விளிம்பு வந்து, அதற்கப்பால் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதி சரிந்து போகும். பென்னைன் மலைத்தொடரின் தெற்கு முனை இது.

'மூர்' என்கிறீர்களே, அது காடா, புல்வெளியா?

இரண்டும் இல்லை. மரமில்லாத ஈரமான மேட்டுநிலம். மட்கியும் மட்காமலும் கிடக்கும் தாவரங்கள் சேர்ந்து உண்டான கறுப்புக் கரிமண், அதன்மேல் முழங்கால் உயர ஹெதர் புதர். ஆகஸ்டில் மலைமுழுக்க ஊதாவாகப் பூக்கும். அக்டோபரில் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிடும். நீலகிரியில் மேல்பவானி அணைப் பக்கம் போனவர்களுக்கு ஓரளவு பிடிபடும். அந்தப் புல்மேட்டிலிருந்து சோலைக்காட்டை எடுத்துவிட்டு, காற்றை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

ஏரியில் வாத்து, கொக்கு பார்க்கவா இவ்வளவு தூரம்?

இந்தக் கேள்வியில்தான் எல்லாருக்கும் சறுக்குகிறது, எனக்கும் சறுக்கியது. வேடந்தாங்கலிலும் கோடியக்கரையிலும் நாம் பார்த்துப் பழகியவை வந்து சேர்ந்த பறவைகள். தங்கும், மேயும், நாளைக்குப் போனாலும் இருக்கும். ரெட்மையர்ஸில் பார்ப்பவை போய்க்கொண்டிருக்கும் பறவைகள். பெரும்பாலானவை தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தலைக்கு மேலே வந்து, ஒரு குரல் கொடுத்து, தெற்கேயோ மேற்கேயோ மறைந்துவிடும். ஒன்றைப் பார்க்க உங்களுக்குக் கிடைப்பது பத்து வினாடி. ஏரி எதற்கு என்றால், கரையில் நின்றால் நாலாபக்கமும் வானம் திறந்து கிடக்கிறது என்பதற்காக.

முதல் முறை போனபோது இரண்டு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து காட்டுவாத்து, ஒரு சாம்பல் நாரை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் எதற்கோ அண்ணாந்து பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன், பக்கம் நிறைந்திருந்தது.

பறவைகள் ஏன் இந்த வழியாகப் போகின்றன?

இந்த ஒரு வழியாக மட்டும் போவதில்லை. இலையுதிர்காலத்தில் பறவைகள் நாடு முழுவதும் பரவலாகத்தான் நகர்கின்றன. ஆனால் மலை குறுக்கே வந்தால், தாழப் பறப்பவை பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வருகின்றன, ஏறிக் கடக்க அது சுலபமான வழி என்பதால். ரெட்மையர்ஸ் அப்படி ஒரு பள்ளத்தாக்கின் தலைப்பில் இருக்கிறது. கிழக்கே ரிவலின் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஏறி வரும் கூட்டங்கள் ஏரிகளின் மேலாக வந்து மேட்டைத் தாண்டுகின்றன. புனலில் ஊற்றினால் வாயில் வந்து விழுவது போலத்தான்.

எந்த மாதத்தில் எது வரும்?

ஆகஸ்ட் கடைசியிலேயே தகைவிலான் கிளம்பிவிடும். செப்டம்பர் முழுக்கப் புல்வெளி நெட்டைக்காலியின் ராஜ்ஜியம். இருபது கிராம்கூட இல்லாத பழுப்புக் குருவி, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் போகிறது. 'சிப், சிப்' என்று சொல்லிக்கொண்டே ஐந்தும் பத்துமாகப் போய்க்கொண்டே இருக்கும். செப்டம்பர் கடைசியில் ரோவன் மரங்களில் செம்பழம் பழுத்திருக்கும்போது ரிங் ஊஸல் ஒன்றிரண்டு தட்டுப்படலாம். கரும்பறவை, நெஞ்சில் வெள்ளைப் பிறை. ஸ்டேனெஜ் பாறைகளில் கூடுகட்டும் பறவை அது, குளிர்காலத்துக்கு மொராக்கோவின் அட்லஸ் மலைக்குப் போய்விடும்.

அக்டோபர்தான் உச்சம். வானம்பாடி, சாஃபின்ச், சிஸ்கின், ரெட்போல் என்ற சிறு குருவிகள், கூடவே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் ரெட்விங், ஃபீல்ட்ஃபேர். இரண்டும் நம்மூர்ப் பூங்குருவி வகையறா. அக்டோபர் முடிவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை காட்டுப்புறா. இடையிடையே ஐஸ்லாந்திலிருந்து வந்த பிங்க்-ஃபுட் வாத்துகள். அவற்றுக்குத் தனியாகவே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

வெளிச்சம் வருவதற்கு முன். அக்டோபர் நடுவில் இங்கே சூரியன் உதிக்க ஏழரை ஆகிவிடும், ஆகவே பயப்படும் அளவுக்கு விடிகாலை இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் உதயம் ஏழை ஒட்டி வந்துவிடும். முதல் மூன்று மணி நேரம்தான் சரக்கு. பத்து மணிக்கு மேல் சிறு பறவைகள் ஓய்ந்துவிடும்.

நல்ல வெயிலும் பின்காற்றும் உள்ள நாளில் அதிகம் பார்க்கலாம்தானே?

பறவைகளுக்கு நல்ல நாள்தான். நமக்கு அல்ல.

முதுகில் காற்று தள்ளும்போது பறவை உயரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே காற்று வேகம் அதிகம், பயணம் சீக்கிரம் முடியும். நீல வானத்தில் அரை கிலோமீட்டர் உயரத்தில் போகும் நெட்டைக்காலியை எந்தத் தொலைநோக்கியாலும் பிடிக்க முடியாது. எதிர்க்காற்று என்றால் கதை மாறுகிறது. தரையை ஒட்டி ஹெதரும் மேடும் காற்றை உரசித் தடுக்கின்றன, அதனால் கீழே வேகம் குறைவு. பறவையும் கீழே இறங்கி, கல்சுவரை ஒட்டி, ஏரிக்கரையை ஒட்டி, சில சமயம் நம் தோள் உயரத்தில் போகிறது.

ஆக, நம் நோட்டில் ஏறுவது பறவைகள் சிரமப்பட்ட நாட்களின் கணக்கு. சுகமாகப் போன நாட்களில் ஆயிரம் கடந்திருக்கும், நாம் பூஜ்யம் எழுதியிருப்போம். 'இந்த வருஷம் பறவை குறைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், அன்றைக்கெல்லாம் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று கேளுங்கள்.

ரெட்மையர்ஸுக்கு என் அனுபவத்தில் மிதமான தென்மேற்கு அல்லது மேற்குக் காற்றும், வெள்ளை விரிப்பு போட்ட மாதிரி உயரமான மேகமும் வாய்த்தால் பேஷ். மேகப் பின்னணியில் கறுப்புப் புள்ளி தெரியும், நீல வானத்தில் தெரியாது. காட்டுப்புறா மட்டும் விதிவிலக்கு: அதற்கு உறைபனி விழுந்த, தெளிவான, காற்றடங்கிய காலைதான் வேண்டும். அடைமழை, மூடுபனி என்றால் போர்த்திக்கொண்டு தூங்கலாம். மழை விட்ட மறுநிமிடம் ஓடலாம். மழையில் மாட்டிய கடல்வாத்துகள், காமன் ஸ்கோட்டர் போன்றவை, அப்போதுதான் ஏரியில் இறங்கி மிதந்துகொண்டிருக்கும். அன்றைக்கு மட்டும் தண்ணீரைப் பார்க்க எனக்கு ஆட்சேபணை இல்லை.

இத்தனை வேகமாகப் போவதை எப்படி அடையாளம் காண்பது?

காதால். கண்ணை நம்பினால் முதல் வருஷம் முழுக்க 'சிறு பழுப்புப் பறவை' என்று எழுதுவீர்கள்.

பறக்கும்போது கொடுக்கும் குரல், மரத்தில் உட்கார்ந்து பாடும் பாட்டு அல்ல. ஒற்றை அசை, அரை வினாடி. ஐந்து குரல் தெரிந்தால் அக்டோபர் காலையில் பாதிக்கு மேல் சமாளிக்கலாம். நெட்டைக்காலிக்கு மெல்லிய 'சிப்-சிப்'. ரெட்விங்குக்கு மூச்சை உள்ளிழுப்பது போல நீண்ட 'ஸீஈப்'. ஃபீல்ட்ஃபேர் 'சக்-சக்-சக்', வாய்க்குள் வெற்றிலைபாக்கு மெல்லும் சத்தம் என்று என் மனைவி சொன்னாள், அதற்குப் பிறகு வேறு மாதிரி கேட்கவே முடியவில்லை. சாஃபின்ச் மெத்தென்ற 'யுப்'. வானம்பாடி ஈரமான 'ச்ரீப்'.

அப்புறம் பறக்கும் விதம். சாஃபின்ச் நூலில் கட்டி இழுத்துவிட்ட மாதிரி ஏறி இறங்கிப் போகும். ரெட்விங் கூட்டம் நெருக்கமாக, அவசரமாகப் போகும். ஃபீல்ட்ஃபேர் இடைவெளி விட்டுச் சாவகாசமாக வரும், திரும்பும்போது சிறகின் அடிப்பக்கம் வெள்ளையாக மின்னும்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இருக்கிறதே, போதாதா?

வீட்டுத் தோட்டத்துக்கு அருமையான செயலி. இங்கே காற்றின் இரைச்சலில் அரை வினாடிக் குரலை அது விட்டுவிடுகிறது, அல்லது எதையாவது சொல்லிவைக்கிறது. சந்தேகம் தீர்க்க வைத்துக்கொள்ளுங்கள், கணக்கெழுத வேண்டாம்.

மேலே போவதெல்லாம் வலசைதானா?

இல்லை, நான் அடிக்கடி ஏமாந்ததும் இதில்தான். விடியும் வேளையில் நூற்றுக்கணக்கான கடற்காகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே போகும். ஒரு காலை முழுவதும் அவற்றை வலசை என்று எழுதிவைத்தேன். சாயங்காலம் தற்செயலாகப் போனால், அதே வரிசை திரும்பி வருகிறது. இரவில் ஏரியில் தூங்கிவிட்டுப் பகலில் நகரத்துப் பக்கம் இரை தேடப் போகும் கூட்டம், நம்மூர் முதல் பேருந்து மாதிரி. ஜாக்டா காக்கைகளும் அப்படித்தான்.

பிரித்தறிய மூன்று அடையாளம் பார்க்கிறேன். ஒரே திசையில் நிற்காமல் போகிறதா, சுற்றுகிறதா? ஒரு கூட்டம் போன தடத்தில் அடுத்த கூட்டமும் வருகிறதா? அந்த இடத்தில் அந்த நேரத்தில் வேலையே இல்லாத பறவையா? வயல்காட்டுப் பறவையான வானம்பாடி ஏரியின் நடுவானத்தில் தென்மேற்காகப் போனால் அது ஊர்விட்டு ஊர் போகிறது என்று எழுதலாம்.

எங்கும் போகாத ஆளும் உண்டு. ரெட் க்ரௌஸ் என்ற செங்கோழி, ஹெதருக்குள்ளேயே பிறந்து அங்கேயே சாகும். வலசைப் பறவைகள் மேலே போகப் போக, கீழேயிருந்து அது 'கோபேக், கோபேக்' என்று கத்தும். ஆங்கிலத்தில் 'திரும்பிப் போ' என்று சொல்வது போலவே இருக்கும். புலம்பெயர்ந்து வந்த நாங்கள் இரண்டு பேர் கரையில் நின்று முதன்முதலில் அதைக் கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

பெரிய கூட்டத்தை எப்படி எண்ணுவது?

முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கி, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். பெரிய கூட்டமென்றால் ஐம்பது, நூறு. கையில் ஒரு கிளிக்கர் எண்ணி இருந்தால் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. படம் எடுத்து வீட்டில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் குறைத்துத்தான் எண்ணியிருப்போம்.

நோட்டில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி: நேரம், காற்றின் திசை, மேகம் எட்டில் எத்தனை பங்கு, இனம், எண்ணிக்கை, போன திசை. பிரிட்டனில் இவற்றை பேர்ட்டிராக் என்ற இணையதளத்தில் ஏற்றலாம். ஐரோப்பா முழுவதிலும் உள்ள வலசைக் கணக்கெடுப்பாளர்கள் ட்ரெக்டெல்லன் என்ற டச்சுத் தளத்தில் பதிகிறார்கள். நம் காலையில் ரெட்விங் குவிந்தது என்றால், அதே காலையில் யார்க்‌ஷயர் கடற்கரையில் ஸ்பர்ன் முனையில் என்ன நடந்தது என்று அன்று சாயங்காலமே பார்த்துவிடலாம்.

காட்டுப்புறா எங்கும் இருக்கும் பறவை. அதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

நானும் அப்படித்தான் கேட்டேன். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிவிட்டுப் போயிருந்தேன். ஏழே காலுக்கு வடக்கே அடிவானத்தில் புகை மாதிரி ஒரு கீற்று. தொலைநோக்கியை வைத்தால் அத்தனையும் புறா. அது தலைக்கு மேல் வருவதற்குள் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. குரலே கிடையாது. முன்னூறு, நானூறு பறவை மேலே போகும்போது கேட்பது சிறகுகளின் சரசரப்பு மட்டும், பட்டுப்புடவை கசங்குவது போல. உதயச் சூரியன் வயிற்றில் பட்டு எல்லாமே ரோஜா நிறம். பத்துப்பத்தாக அழுத்தியும் கட்டைவிரல் வலித்தது. எட்டரைக்குக் குழாயை மூடின மாதிரி நின்றுவிட்டது.

இவை எங்கிருந்து எங்கே போகின்றன என்பதில் பறவையியலாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. வளையமிட்ட பிரிட்டிஷ் காட்டுப்புறாக்கள் பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராதவை என்றே பதிவுகள் சொல்கின்றன. ஆனால் வருஷா வருஷம் நவம்பரில் வானம் நிறையத் தெற்கே போகின்றனவே! பூங்காவில் ரொட்டித் துண்டு பொறுக்கும் பறவையைப் பற்றியா இப்படி என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

வாத்துக் கூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்வதாகச் சொன்னீர்களே?

பிங்க்-ஃபுட் வாத்துகள் ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் கூடுகட்டி, செப்டம்பர் நடுவிலிருந்து பிரிட்டனுக்கு வருகின்றன. பெரும் கூட்டம் மேற்கே லங்காஷயரில் மார்ட்டின் மியர் சுற்றுவட்டார வயல்களில் இறங்குகிறது. இன்னொரு பெரிய தங்குமிடம் கிழக்கே நார்ஃபோக் கடற்கரை, அங்கே அறுவடை முடிந்த சர்க்கரை பீட் கிழங்கு வயல்களில் மிச்சம் மீதி கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் பென்னைன் மலை. அதைக் கடக்கும்போது நம் தலைக்கு மேல்.

அவை காலையில் மேற்கேயிருந்து கிளம்பிவருவதால், சிறு பறவைகள் ஓய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு மேல்தான் எதிர்பார்க்க வேண்டும். மேற்கு மேட்டில் 'ஸ்டேனெஜ் போல்' (Pole) என்று ஒற்றைக் கம்பம் ஒன்று நிற்கிறது. அந்தப் பக்கம் கண்ணை வையுங்கள். பார்ப்பதற்கு முன் கேட்கும்: 'விங்க்-விங்க்' என்று பல தொண்டைகள் ஒரே நேரத்தில், தூரத்துச் சந்தை இரைச்சல் போல. அப்புறம் தலைகீழ் 'V' மாதிரி கோணல் கோடு. முன்னால் போகும் பறவை களைத்ததும் பின்னுக்கு வர, வேறொன்று முன்னே போவதைப் பொறுமையாகப் பார்த்தால் காணலாம்.

பறவை எதுவும் பக்கத்தில் கிடைக்கவே கிடைக்காதா?

கிடைக்கும், இரவுப் பயணம் முடித்தவை. ரெட்விங் பெரும்பாலும் இரவில்தான் வடகடலைக் கடக்கிறது. அக்டோபர் இரவில் ஷெஃபீல்டு வீட்டுக் கொல்லையில் நின்றாலே மேலே 'ஸீஈப்' கேட்கும். விடிந்ததும் எங்கே மரம் தெரிகிறதோ அங்கே இறங்கும். ஒருமுறை கல்சுவரில் ஐந்தடி தூரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு மேல் வெண்ணெய் நிறப் புருவம், விலாவில் செங்கல்பொடி பூசிய சிவப்பு. சிறகு சற்றே தொங்கியிருந்தது, கண் மூடி மூடித் திறந்தது. நான் நகரவில்லை, அதுவும் நகரவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் ஹாதோர்ன் புதருக்குப் போய்ப் பழம் தின்ன ஆரம்பித்தது.

ஏரிக்கருகே உள்ள பைன் தோப்பையும் விடாதீர்கள். கோல்ட்கிரெஸ்ட் என்ற ஐந்தாறு கிராம் குருவி, அதுவும் கடல் தாண்டி வருகிறது.

கோடை வறட்சியில் ஏரி வற்றினால்?

2022-இலும் 2025-இலும் யார்க்‌ஷயரில் தோட்டக் குழாய்க்குத் தடை போடும் அளவுக்கு நீர்த்தேக்கங்கள் இறங்கின. ஊருக்குக் கஷ்டம், உள்ளான்களுக்கு விருந்து. சேறு தெரிந்தால் டன்லின், பச்சைக்காலி போன்றவை செப்டம்பரில் இறங்கி மேய்ந்துவிட்டுப் போகும்.

இந்தப் பறவைகள்தானா தமிழ்நாட்டுக்கும் வருகின்றன?

இனம் ஒன்றாக இருக்கலாம், கூட்டம் வேறு. அக்டோபரில் தஞ்சை மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் இமயமலையிலோ அதற்கு வடக்கேயோ பிறந்தது. இங்கிருந்து கிளம்புவது தென்னாப்பிரிக்கா போகிறது. 1911 மே மாதம் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு வழக்கறிஞர் தன் வீட்டில் கூடுகட்டிய தகைவிலானுக்குக் கால்வளையம் போட்டார். 1912 டிசம்பரில் அது நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. அதுவரை வெறும் ஊகம், அதற்குப் பிறகுதான் ஆதாரம். அதேபோல இங்கே மதகோரம் வாலாட்டும் சாம்பல் வாலாட்டியின் இனத்தை ஊட்டி ஓடைகளில் குளிர்காலத்தில் பார்க்கலாம். ஆனால் அது ரெட்மையர்ஸ் பறவை அல்ல.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

8x42 தொலைநோக்கி, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. பத்து மடங்கு வேண்டாம், காற்றில் கை ஆடும். நாம் நினைப்பதைவிட ஒரு சட்டை அதிகம். விரல்நுனி திறந்த கையுறை. பிளாஸ்கில் டீ, ஏனென்றால் மேலே கடை கிடையாது. பேருந்தில் வந்தால் லாட்ஜ் மூர் வரைதான், மிச்சம் நடை. தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், ஆழமும் குளிரும் ஆளைக் கொன்றுவிடும். செத்த பறவையைக் கண்டால் கையால் தொட வேண்டாம், பறவைக் காய்ச்சல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நவம்பரோடு முடிந்துவிடுமா?

சிறு பறவைகளுக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். பிங்க்-ஃபுட் வாத்துகளுக்கு இல்லை. நார்ஃபோக்கில் கிழங்கு வயல்களை உழுது முடித்ததும், ஜனவரி, பிப்ரவரியில் அதே மலையைக் கடந்து லங்காஷயருக்குத் திரும்புகின்றன. இந்த முறை கிழக்கேயிருந்து வரும், அதனால் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஏரி ஓரம் உறைந்திருக்கும். கல்சுவரின் மறுபக்கம் காற்றுக்கு ஒதுங்க ஓர் இடம் இருக்கிறது, இருவர் நெருங்கி உட்காரலாம்.